பயிரின் வரவு செலவு

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்களுக்கு வரவு செலவுக் கணக்கைப்பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. வரவு மிகுந்தால் மிச்சம். செலவு மிகுந்தால் கடன். இந்நியதி வயலில் நிற்கும் நெற்பயிருக்கும், களத்தில் குவித்த நெல்லுக்கும், விதைக்கென்று குதிரில் இட்டுவைத்த மணிக்கும் அப்படியே பொருந்தும் என்பதைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. பயிர் பகலில் சம்பாதிக்கிறது. இரவும் பகலும் செலவு செய்கிறது. அது சம்பாதிக்கும் முறைக்கு ஒளிச்சேர்க்கை என்றும், செலவு செய்யும் முறைக்குச் சுவாசம் என்றும் பெயர். இவ்விரண்டின் சம்பந்தத்தை அறிந்துகொண்டால், வயலில் விளைவு குறைவதேன், சங்கத்தின் கிட்டங்கியில் நெல் சூடேறிக் கெடுவதேன் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும்.

பயிர் எதனால் ஆயது?

பயிர் மண்ணைத் தின்று வளருகிறது என்பதே பொதுஜனங்களின் எண்ணம். முற்காலத்து மேனாட்டுப் பண்டிதர்களும் அவ்வாறே எண்ணியிருந்தனர். பிரஸ்ஸல்ஸ் நகரத்து வைத்தியராகிய வான் ஹெல்மாண்ட் என்பவர் இதனைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். நன்றாக உலர்த்திய மண் 200 பவுண்டு நிறுத்து ஒரு தொட்டியில் இட்டு, அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, நீர் மாத்திரம் வார்த்து வந்தார். ஐந்து ஆண்டு கழித்து நிறுத்தபோது மரத்தின் எடை ஏறக்குறைய 169 பவுண்டாக இருந்தது. மண்ணிலோ 2 அவுன்சு அளவே குறைந்திருந்தது. மரம் முழுவதும் நீரினால் ஆயது என்று அவர் முடிவு செய்தார். அவர் காலஞ்சென்ற பின், 1648-ல் இச்சோதனை அச்சில் வெளிவந்தது. அவர் கண்டது பாதி உண்மை. மற்றப் பாதி காற்றில் இருந்தது.

1771-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன மூடிய கண்ணாடிப் பாத்திரத்திற்குள் புதினாக் கொத்து ஒன்றை வைத்தார். சில நாட்கள் சென்றபின் அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடியும் எரிந்தது. கெட்ட காற்றைச் செடி திருத்துகிறது என்பது இதனால் விளங்கிற்று. 1779-ல் இஞ்ஞன்ஹௌஸ் என்னும் வைத்தியர், இவ்வேலை வெளிச்சத்தில்தான் நடைபெறுகிறது, பச்சை நிறமுள்ள பாகங்களே இதனைச் செய்கின்றன, இருளில் செடியும் பிராணிகளைப்போலக் காற்றைக் கெடுக்கிறது என்று நிரூபித்தார். வரவு, செலவு என்னும் இரண்டையும் முதன்முதலாக வேறுபிரித்துக் கண்டவர் அவரே எனலாம். 1804-ல் ஜெனீவா நகரத்து டி சோசூர் என்பவர், செடியின் எடை கூடுவதற்குக் கரியமிலவாயுவோடு நீரும் சேருகிறது என்று அளந்து காட்டினார்.

ஆகவே பயிரின் உலர்ந்த எடையில் பெரும்பங்கு காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது. எருவின் வழியாகவும் மண்ணின் வழியாகவும் வருவது சிறு பங்கே. எனினும் அச்சிறு பங்கு இல்லாவிடில் பெரும்பங்கும் வாராது. இலைக்குப் பச்சை நிறத்தைத் தரும் பச்சையம் என்னும் பொருள் உண்டாவதற்கே தழைச்சத்தும் மக்னீசியமும் வேண்டும். எரு நேராக நெல்லாக மாறுவதில்லை. நெல்லை உண்டாக்கும் இலையைப் பழுதின்றி வைக்கிறது.

வரவு: ஒளிச்சேர்க்கை

இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் எண்ணிறந்தன உண்டு. அவற்றின் வழியே காற்று உட்செல்கிறது. காற்றில் கரியமிலவாயு இருப்பது பதினாயிரம் பங்கில் நான்கு பங்கு அளவே. அச்சொற்பத்தையும் இலை பிரித்து எடுத்துக்கொள்கிறது. வேர் உறிஞ்சிய நீர் தண்டின் வழியே இலைக்கு வந்து சேருகிறது. பச்சையமானது சூரிய ஒளியைப் பற்றி, அதன் சக்தியைக்கொண்டு நீரைப் பிளக்கிறது. நீரிலிருந்த பிராணவாயு வெளியே விடப்படுகிறது. எஞ்சியது கரியமிலவாயுவோடு கூடிச் சர்க்கரையாகிறது. வெளிவரும் பிராணவாயு நீரிலிருந்தே வருகிறது என்பதை 1941-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரூபன், காமன் முதலானோர் உறுதிப்படுத்தினர்.

இவ்வாறு உண்டான சர்க்கரை பயிரின் மூலதனம். அதுவே மாச்சத்தாகி நெல்மணியில் தங்குகிறது. எண்ணெயாகி நிலக்கடலையில் தங்குகிறது. நாராகிப் பருத்தியில் தங்குகிறது. கரும்பில் சர்க்கரையாகவே தங்குகிறது. உருவம் எதுவாயினும் உள்ளே அடங்கியிருப்பது சூரிய ஒளியின் சக்தியே.

செலவு: சுவாசம்

சேர்த்த பொருளைப் பயிர் அப்படியே வைத்திருப்பதில்லை. வேர் நீண்டு செல்வதற்கும், மண்ணிலுள்ள உப்புக்களை உள்ளே இழுப்பதற்கும், புதுத்துளிர் விடுவதற்கும், பூப்பதற்கும் சக்தி வேண்டும். அதற்காகப் பயிரின் ஒவ்வோர் உயிரணுவும் சர்க்கரையைப் பிராணவாயுவோடு கூட்டி மெதுவாக எரிக்கிறது. எரிந்தபின் கரியமிலவாயுவும் நீரும் வெளிப்படுகின்றன, உஷ்ணமும் உண்டாகிறது. நாம் உண்ட சோறு நம் உடம்பில் எரிவதும் இம்முறையிலேதான். மூக்கும் நுரையீரலும் இல்லாமையால் செடி சுவாசிப்பதில்லை என்று எண்ணலாகாது. இலை, தண்டு, வேர், பூ, விதை யாவும் சுவாசிக்கின்றன.

இச்செலவு வீண்செலவு அன்று. உழவு மாட்டுக்குத் தீனி போடுவது எவ்வாறு அவசியமான செலவோ அவ்வாறே இதுவும். பயிரைப் பொறுத்தும் பருவத்தைப் பொறுத்தும் வேறுபடுமாயினும், பயிர் சம்பாதித்ததில் ஏறக்குறையப் பாதி சுவாசத்தில் செலவாகிறது என்று பொதுவாகச் சொல்லலாம். எஞ்சியதே வைக்கோலாகவும் நெல்லாகவும் நம் வீட்டுக்கு வருகிறது.

கணக்கு நேராகும் விதம்

ஒளிச்சேர்க்கையில் 264 கிராம் கரியமிலவாயுவும் 108 கிராம் நீரும் சேர்ந்து, 180 கிராம் சர்க்கரையும் 192 கிராம் பிராணவாயுவும் உண்டாகின்றன. இருபுறமும் கூட்டிப் பார்த்தால் 372. சுவாசத்தில் 180 கிராம் சர்க்கரையும் 192 கிராம் பிராணவாயுவும் செலவாகி, 264 கிராம் கரியமிலவாயுவும் 108 கிராம் நீரும் வெளிவருகின்றன. இங்கும் இருபுறமும் 372. ஒன்றில் வரவுப் பத்தியில் எழுதியது மற்றதில் செலவுப் பத்தியில் அப்படியே எழுதப்படுகிறது. பொருளின் எடையில் ஓர் இம்மியும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வரவில் சூரிய ஒளி உள்ளே அடைக்கப்படுகிறது. செலவில் அச்சக்தி வேலையாகவும் உஷ்ணமாகவும் வெளிப்படுகிறது.

கணக்கு எதிரெதிராக இருப்பினும் இரண்டும் நடக்கும் இடமும் வழியும் வேறு. வரவு வேலை உயிரணுவிலுள்ள பச்சைமணிகளில் நடைபெறுகிறது, ஒளி வேண்டும். செலவு வேலையின் பெரும்பகுதி மைட்டோகாண்டிரியா என்னும் வேறு நுண்ணுறுப்புக்களில் நடைபெறுகிறது. அதற்கு ஒளி வேண்டுவதில்லை. ஆகையால் பகலில் இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. நல்ல வெயிலில் வரவு மிகுதியாக இருப்பதால் பிராணவாயு வெளிவருவதே தெரிகிறது. காலையிலும் மாலையிலும் மங்கிய வெளிச்சத்தில் ஒரு சமயம் வரவும் செலவும் சமமாக நிற்கும். இருட்டியபின் வரவு நின்றுவிடுகிறது; செலவு மாத்திரம் நடைபெறுகிறது.

இரவில் புளியமரத்தடியில் உறங்கலாகாது என்னும் வழக்கும், அரசமரம் இரவிலும் பிராணவாயு தரும் என்னும் நம்பிக்கையும் இங்கே கவனிக்கத்தக்கவை. இரவில் பெரும்பாலான மரங்கள் கரியமிலவாயுவையே விடுகின்றன. ஆனால் திறந்த வெளியில் அவ்வாயு காற்றில் கலந்து பரவிவிடுவதால், அதனால் மனிதனுக்கு அபாயம் நேருவதில்லை. அரசமரமும் இதற்கு விலக்கன்று. ஒளியின்றிப் பிராணவாயுவை உண்டாக்கும் மரம் எதுவுமில்லை.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை

குளத்தில் நீருக்குள் வளரும் பாசிக்கொடியைக் கண்ணாடிக் குவளை நீரில் இட்டு வெயிலில் வைத்தால், சிறு குமிழிகள் எழும்புவதைக் காணலாம். நிழலுக்குக் கொண்டுபோனால் குமிழிகள் குறையும். இது வரவின் அடையாளம்.

செலவைக் காண, வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலுள்ள தெளிநீரை இரண்டு சிறு கிண்ணங்களில் ஊற்றிக்கொள்க. ஒரு கண்ணாடிச் சாடியில் ஊறி முளைகட்டிய பச்சைப்பயறும், மற்றொன்றில் அதே அளவு உலர்ந்த பயறும் இட்டு, கிண்ணத்தை உள்ளே வைத்து இறுக மூடுக. மறுநாள் பார்த்தால் முளைகட்டிய பயறு உள்ள சாடியில் தெளிநீர் பால்போல் வெளுத்திருக்கும். மற்றதில் மாறுதல் மிகச் சொற்பமே. சுண்ணாம்பு நீரை வெளுக்கச் செய்தது பயறு விட்ட கரியமிலவாயு. உலர்ந்த விதை மிகமிகக் குறைவாகவே சுவாசிக்கிறது, ஈரம் பட்டதும் அதன் சுவாசம் பன்மடங்கு பெருகுகிறது என்னும் உண்மை இதனால் பிரத்தியட்சமாகும். இவ்வுண்மையே பின்னர் நாம் கூறப்போகும் கிட்டங்கி விஷயத்திற்கு அஸ்திவாரம்.

வயலில் கவனிக்க வேண்டியவை

விளைவைப் பெருக்குதல் என்பது வரவைக் கூட்டி, வேண்டாத செலவைக் குறைத்தலேயாம்.

முதலாவது ஒளி. நெருக்கி நட்ட பயிரிலும், களை மூடிய பயிரிலும், அடியிலைகள் நிழலில் அகப்பட்டு, தாம் சம்பாதிப்பது தம் சுவாசத்திற்கே போதாமல் மஞ்சளித்துப் போகின்றன. வரப்போரத்து மரநிழலில் நெல் பதராவதும் இதனாலேயே. கதிர் வெளிவந்தபின் மணியில் சேரும் மாச்சத்தின் பெரும்பகுதி மேலிலைகளின் சம்பாத்தியம். ஆதலால் அப்பருவத்தில் மேலிலைகளைப் பூச்சியும் நோயும் அழிக்காமல் காப்பது மிக முக்கியம். மேகமூட்டமான நாட்களில் பூத்து முற்றும் பயிர், தெளிந்த வெயிலில் முற்றும் பயிரைக்காட்டிலும் குறைவாக விளைவதும் வரவுக் குறைவே.

இரண்டாவது நீர். நீர் போதாதபோது பயிர் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் வெளிச்செல்வது குறைகிறது. கரியமிலவாயு உட்செல்வதும் குறைகிறது. வெயில் எவ்வளவு காய்ந்தாலும் வரவு தடைப்படும். செலவோ நிற்பதில்லை.

மூன்றாவது வேருக்குக் காற்று. வேரும் சுவாசிக்கிறது என்றோம். நிலக்கடலை, பருத்தி, மஞ்சள், வாழை முதலியவற்றின் அடியில் நீர் தேங்கினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறி வேர் மூச்சடைத்துப் போகும். அப்போது நீர் நிறைந்திருந்தும் பயிர் வாடும். வடிகால் எடுப்பதும், மண்ணைக் கொத்திவிடுவதும் வேருக்குக் காற்று ஊட்டும் வழிகள். நெல்லுக்கு மாத்திரம் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் அமைந்திருப்பதால், அது தேங்கிய நீரில் வாழ வல்லது.

நான்காவது இரவின் உஷ்ணம். உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேட் உயர்ந்தால் சுவாசம் ஏறக்குறைய இருமடங்காகும். பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1992 முதல் 2003 வரை விளைந்த நெல்லை ஆராய்ந்தவர்கள், வறள்பருவத்தில் இரவின் குறைந்த உஷ்ணநிலை ஒரு டிகிரி கூடும்போது விளைவு நூற்றுக்கு 10 அளவில் குறைந்ததாக 2004-ல் வெளியிட்டனர். இரவில் சுவாசச் செலவு மிகுவது இதற்குக் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இரவைக் குளிரச்செய்ய நம்மால் இயலாது. ஆயினும் பருவத்திற்கேற்ற ரகத்தைத் தேர்ந்து, உரிய காலத்தில் விதைத்தல் நம் வசத்தில் உள்ளது.

அறுவடைக்குப் பின்: செலவு மாத்திரம்

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். பயிரை அறுத்தவுடன் வரவு முடிந்தது. ஆனால் நெல்மணி உயிருள்ள பொருள். உள்ளே முளை உறங்கிக்கொண்டிருக்கிறது. அது சேர்த்துவைத்த மாச்சத்தை எரித்துச் சுவாசித்துக்கொண்டே இருக்கும். இனி ஒவ்வொரு நாளும் செலவு நாளே. அச்செலவைச் சொற்பமாக்குவது ஒன்றே நாம் செய்யக்கூடியது.

அறுவடையின்போது நெல்லில் பெரும்பாலும் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு ஈரம் இருக்கும். இந்நிலையில் மூட்டை கட்டி அடுக்கினால் மணி வேகமாகச் சுவாசிக்கிறது. ஒரு கிலோ மாச்சத்து எரிந்தால் அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நீர் புதிதாக உண்டாகிறது. அதோடு வெளிப்படும் உஷ்ணம், 30 டிகிரியிலுள்ள 50 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அந்நீரும் உஷ்ணமும் மூட்டையின் நடுவிலேயே தங்கி, சுவாசத்தை இன்னும் விரைவாக்குகின்றன. ஈரத்தால் சுவாசம், சுவாசத்தால் ஈரம் என்று வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் ஏறுகிறது. அத்தருணத்தில் பூசணமும் வண்டும் வந்து சேர்ந்து, அவையும் சுவாசித்துச் சூட்டைப் பெருக்குகின்றன. குவியலில் கையை நுழைத்தால் வெதுவெதுப்பாக இருப்பதன் காரணம் இதுவே. முடிவில் அரிசி பழுத்து நாற்றமெடுக்கும், விதை முளைக்காது.

நெல்லை நன்கு காயவைத்தால் எடை குறைந்து நஷ்டமாகுமே என்று சில அங்கத்தினர்கள் தயங்குவர். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 20 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் 80 கிலோ பொருளும் 20 கிலோ நீரும் உள்ளன. இதனை ஈரம் 14 பங்காகும்வரை உலர்த்தினால் எடை 93 கிலோ ஆகும். குறைந்த 7 கிலோவும் நீரே. 80 கிலோ பொருளும் முழுமையாக இருக்கிறது. உலர்த்தாமல் வைத்தால் குறைவது அந்த 80 கிலோவிலிருந்து. முன்னது வெறும் நீரின் குறைவு. பின்னது முதலிலேயே குறைவு. நெல்லை ஈடாக வைத்துக் கடன் பெறும் அங்கத்தினருக்கும், கடன் கொடுக்கும் சங்கத்திற்கும் இவ்வேறுபாடு மனத்தில் நன்கு பதியவேண்டும். ஈரநெல்லை ஈடாக ஏற்கும் சங்கம், நாளுக்கு நாள் தானே கரைந்துபோகும் ஈட்டின்மேல் பணம் கொடுக்கிறது.

தமிழ்நாட்டு நேரடிக் கொள்முதல் நிலையங்களில் ஈரம் நூற்றுக்கு 17-க்கு மேற்படலாகாது என்பது பொது விதி. மழைக்காலங்களில் அதனைத் தளர்த்தவேண்டும் என்னும் கோரிக்கை எழுவதுண்டு. இது நெல்லை வாங்குவதற்குரிய எல்லையேயன்றி, நெடுநாள் சேமிப்பதற்குரிய எல்லை அன்று. சேமிக்கும் நெல்லுக்கு ஈரம் 14-க்கு மேற்படலாகாது. விதைநெல்லுக்கு 12 அல்லது அதற்குக் குறைவாக இருத்தல் வேண்டும். ஈரம் ஒரு பங்கு குறையும்தோறும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது ஹாரிங்டன் என்னும் விதை ஆராய்ச்சியாளர் வகுத்த விதி. அதன்படி, 14-லிருந்து 12-க்கு உலர்த்திய விதை நான்கு மடங்கு காலம் முளைப்புத்திறனோடு இருக்கும்.

அங்கத்தினர்கள் கைக்கொள்ள வேண்டியவை

1. நெல்லை மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்துக. விதைநெல்லை 12 மணி முதல் 3 மணிவரையுள்ள கடும்வெயிலில் போடாமல், காலையிலும் மாலையிலும் உலர்த்துக.

2. ஈரத்தை அறிய, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் சிறிது நெல்லும் நன்றாகக் காய்ந்த உப்பும் இட்டுக் குலுக்குக. உப்புப் புட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15-க்கு மேற்பட்டது. ஒட்டாவிட்டால் அதற்குக் குறைந்தது. விதைக்கும் கிட்டங்கிக்கும் ஈரமானி கொண்டு அளத்தல் நலம்.

3. உலர்த்திய சூடு ஆறியபின்னரே மூட்டை கட்டுக. மூட்டைகளை வெறுந்தரையில் அடுக்காமல் மரச்சட்டங்களின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குக.

4. காற்றுப் புகாத குதிர், டப்பா, பை முதலியவற்றில் நன்கு உலர்ந்த தானியத்தையே இடுக. உள்ளிருக்கும் பிராணவாயு தீர்ந்தபின் வண்டுகள் மாண்டுபோகும். ஈரமான விதையை அவ்வாறு அடைத்தால் வண்டோடு முளையும் மாளும்.

5. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூட்டையின் நடுவே கைவிட்டுப் பார்த்து, வெதுவெதுப்புத் தென்பட்டால் உடனே பிரித்து மறுபடியும் உலர்த்துக.

சிமெண்டுக் களமும், தார்ப்பாயும், ஈரமானியும் தனித்தனியே வாங்கச் சிறு குடியானவர்களால் இயலாது. சங்கத்தின் பொதுப்பணத்தில் வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்த எல்லோராலும் இயலும். மேலும், கிட்டங்கியில் ஒருவர் அடுக்கிய ஈரமூட்டையின் சூடும் பூசணமும் அவர் மூட்டையோடு நிற்பதில்லை. அயலார் நன்கு உலர்த்தி வைத்த மூட்டையையும் சென்று பற்றும். ஒருவர் தவணை தவறினால் சங்கம் முழுவதும் தளர்வதை நாம் அறிவோம். ஈரம் அளந்து பாராமல் எந்த மூட்டையையும் ஏற்பதில்லை என்று ஒவ்வொரு சங்கமும் தன் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து, அத்தீர்மானத்தைப் பெரியவர் சிறியவர் என்னும் பேதமின்றி அனுஷ்டிக்குமாயின், பயிர் நூறு நாளுக்கு மேல் வெயிலில் நின்று சேர்த்த முதல் சேதமின்றி அங்கத்தினர் கைக்கு வந்து சேரும்.